குண்டு உப்பலவாடி: பேரில் இருக்கும் ‘குண்டு’ எந்தக் குண்டு?

கேள்வி கேட்டவர்: பெண்ணைக்கரையான்

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர் அம்மன் கோவில் கும்பாபிஷேகத்துக்கு விழா மலர் அச்சடிக்கிறார்கள். ‘நீதான் எப்போதும் போனில் ஏதாவது எழுதிக்கொண்டே இருப்பாயே’ என்று சொல்லி ஊர் வரலாறு இரண்டு பக்கம் எழுதும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். ஊர் குண்டு உப்பலவாடி. கடலூருக்கு வடக்கே, தென்பெண்ணை கடலில் சேரும் இடத்துக்குப் பக்கம், தாழங்குடா தெரிந்தவர்களுக்கு எங்கள் ஊரும் தெரியும். வெளியூரில் வேலை பார்த்தபோது ஊர்ப் பேரைச் சொன்னாலே சிரிப்பார்கள், ‘உங்க ஊர்ல எல்லாரும் குண்டா’ என்று. சரி, அதை விடுங்கள்.

எனக்கு மூன்று விஷயம் வேண்டும். ஒன்று, இந்தக் குண்டு என்ற அடைமொழி எப்படி வந்தது? வெள்ளைக்காரன் பீரங்கிக் குண்டு விழுந்த இடம் என்று என் தாத்தா சொல்லுவார், ஆனால் அவர் சுண்ணாம்புச் சட்டியில் புதையல் இருந்த கதையையும் இதே குரலில்தான் சொல்லுவார், அதனால் எதை நம்புவது என்று தெரியவில்லை. இரண்டு, ஆறு, மண், நிலம் பற்றி நாலு வரி. மூன்று, மக்கள்தொகை. இணையத்தில் தேடினால் ஒரு தளத்துக்கும் இன்னொரு தளத்துக்கும் பாதிக்குப் பாதி வித்தியாசம் வருகிறது. அச்சில் போனபிறகு ஊரில் யாரும் என்னைக் கேலி செய்யக்கூடாது, அதுதான் முக்கியம்.


மஞ்சக்குப்பத்தான்

உங்கள் தாத்தா புதையல் கதையில் எப்படியோ, பீரங்கிக் கதையில் கிட்டத்தட்ட சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். குண்டு ‘விழுந்தது’ சண்டையில் இல்லை, நிலம் அளப்பதற்கு. சர்வேயர் சங்கிலிக்குப் பதில் பீரங்கி, அவ்வளவுதான்.

நடந்தது இது. 1689 கடைசியில் சிவாஜியின் இளைய மகன் ராஜாராம் மொகலாயருக்குத் தப்பி செஞ்சிக்கு வந்து சேர்ந்தார். அடுத்த வருடமே மொகலாயப் படை செஞ்சியை வளைத்துக்கொண்டது, அந்த முற்றுகை 1698 வரை இழுத்தது. முற்றுகையில் இருப்பவனுக்கு என்ன வேண்டும்? பணம். இந்தப் பக்கம் ஆங்கிலக் கம்பெனிக்குக் கடற்கரையில் சென்னைப்பட்டணம் தவிர இன்னொரு இடம் வேண்டியிருந்தது. தேவனாம்பட்டினத்தில் கெடில முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் இருந்த கோட்டையை 1690-இல் மராத்தியர்களிடமிருந்து விலைக்கு வாங்கினார்கள். அப்போது சென்னையில் கவர்னராக இருந்தவர் எலிஹூ யேல், இன்றைக்கு அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகம் என்று இருக்கிறதே, அந்தப் பேருக்குச் சொந்தக்காரர். கோட்டைக்கு வேல்ஸ் நாட்டுப் புனிதர் டேவிட் பேரை வைத்து செயின்ட் டேவிட் கோட்டை என்றாக்கினார்கள். நம் ஆட்கள் அதைக் கடைசி வரை தேவனாம்பட்டணம் கோட்டை என்றுதான் சொன்னார்கள், ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பிலும் தேவனாம்பட்டணம்தான்.

விஷயம் கிரயத்தின் நிபந்தனையில் இருக்கிறது. கோட்டை மட்டும் இல்லை, கோட்டையிலிருந்து பீரங்கியால் சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போகுமோ அவ்வளவு தூர நிலமும் சேர்த்து. உடனே சென்னையிலிருந்து என்ன உத்தரவு போயிருக்கும் என்று நினைக்கிறீர்கள்? நல்ல நீளப் பீரங்கியாகப் பார்த்து எடுங்கள், கைதேர்ந்த ஆளை வைத்துச் சுடுங்கள், தூரம் என்பது சுடுகிறவன் சாமர்த்தியத்தில் இருக்கிறது என்கிற மாதிரிதான். 1690 செப்டம்பரில் ஒவ்வொரு திசையாகத் திருப்பிச் சுட்டார்கள். கடலூர் பட்டணமே அந்த வட்டத்துக்குள் வந்துவிட்டது. உள்ளே அகப்பட்ட ஊர்களுக்குக் குண்டு கிராமம் என்று பேர் நின்றுவிட்டது. 1906-இல் வந்த தென் ஆற்காடு மாவட்ட கெசட்டியரே அந்தப் பேர் அப்போதும் வழக்கில் இருந்ததாகச் சொல்கிறது. கடலூர் செம்மண்டலத்தில் இருக்கும் குண்டு சாலையில் தினமும் போகிறவர்கள், சாலை குண்டும் குழியுமாக இருப்பதால் அந்தப் பேர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதுவும் தப்பென்று சொல்ல வாய் வரவில்லை.


ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

மஞ்சக்குப்பத்தாரின் வரலாறு சரி. ஆனால் ‘குண்டு’ என்றாலே பீரங்கி என்று ஓடிவிட வேண்டாம். தமிழில் குண்டு என்பதற்கு ஆழம், பள்ளம் என்ற பொருள் மிகப் பழையது. சங்கப் பாட்டில் ஆழமான அகழியைக் குண்டுகண் அகழி என்பார்கள். ‘குண்டும் குழியும்’ என்று நாம் சொல்லும்போது அந்தக் குண்டுதான் வருகிறது. ஆற்றங்கரையில், தண்ணீர் தேங்குகிற இடத்தில் இருக்கும் ஊருக்குப் பள்ள உப்பலவாடி என்ற பொருளில் குண்டு உப்பலவாடி என்று பேர் வந்திருக்கக் கூடாதா? பக்கத்தில் நாணமேடு, உச்சிமேடு என்று மேடுகள் இருக்கின்றனவே, ஒரு பள்ளமும் இருக்கட்டுமே.

வாடி என்பது அடைப்பு, வேலி போட்ட இடம். மரவாடி, கருவாட்டு வாடி எல்லாம் அந்த வழியில் வந்தவை. முன்பகுதி உப்பு என்று காதில் விழுகிறது, கடற்கரை ஊருக்குப் பொருந்தவும் செய்கிறது. ஆனால் ஊர்ப் பேர் விஷயத்தில் காது நம்மை ஏமாற்றும், கல்வெட்டோ பழைய பத்திரமோ காட்டும் எழுத்தைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.


மஞ்சக்குப்பத்தான்

ஐயா, மரியாதையோடு ஒரு மறுப்பு. ஒரே ஒரு உப்பலவாடி இருந்தால் உங்கள் பள்ளத்தை ஒத்துக்கொள்வேன். இரண்டு இருக்கிறது: ஒன்று குண்டு உப்பலவாடி, இன்னொன்று சுபா உப்பலவாடி. ஒரே பேரில் இரண்டு ஊர் இருந்தால்தானே முன்னால் ஒரு அடையாளம் ஒட்ட வேண்டிய தேவை வரும்? சுபா என்பது மொகலாயர், நவாப் காலத்து நிர்வாகச் சொல், மாகாணம் என்று பொருள். ஒன்று குண்டு எல்லைக்குள் கம்பெனிக்கு, மற்றொன்று வெளியே சுபாவுக்கு என்று பிரித்துச் சொல்லியிருப்பார்கள் என்பது என் கணிப்பு. கணிப்பு என்றுதான் சொல்கிறேன், மலரில் போட்டால் ‘என்பர்’ என்று முடியுங்கள்.


பாகூர்ப் பேரன்

நான் ஆற்றுக்கு வடக்கே, முள்ளோடை தாண்டி புதுச்சேரி எல்லைக்குள் இருப்பவன். இந்த ‘உனக்கு எவ்வளவு எனக்கு எவ்வளவு’ கதை எங்களுக்கும் உண்டு. உங்களுக்குப் பீரங்கி அளந்தது, எங்களுக்கு நவாப் கொடுத்தார். 1749-50 வாக்கில் வில்லியனூர், பாகூர் பக்கத்து ஊர்களை சந்தா சாகிப் பிரெஞ்சுக்காரர்களுக்குக் கொடுத்தார். அந்த நாளில் எழுதிக்கொடுத்ததும், பிறகு சண்டை போட்டு மாற்றிக்கொண்டதுமாகச் சேர்ந்துதான் இன்றைக்கு வரைபடத்தைப் பார்த்தால் புதுச்சேரி துண்டு துண்டாகத் தெரிகிறது. பைக்கில் நேராகப் போய்க்கொண்டே இருப்பேன், தமிழ்நாடு வரும், புதுச்சேரி வரும், திரும்பத் தமிழ்நாடு வரும். எங்கே எது முடிந்தது என்று சாராயக் கடையைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

மலரில் ஒரு வரி சேர்க்கலாம்: உங்கள் கோட்டை சாதாரணக் கோட்டை இல்லை. 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்ததும், சோழமண்டலக் கரையில் ஆங்கிலேயருக்குத் தலைமையிடம் தேவனாம்பட்டினம்தான், 1752 வரை. புதுச்சேரி பிரெஞ்சு கவர்னர் டூப்ளே எத்தனையோ முறை முயன்றும் விழவில்லை. 1758 ஜூனில் பிரெஞ்சுத் தளபதி லாலி வந்து பிடித்து இடித்துத் தரைமட்டமாக்கினான். இன்றைக்கு வெள்ளிக் கடற்கரைக்குச் சுண்டல் சாப்பிட வருகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?


தாழங்குடா தம்பி

அண்ணே, வரலாறு எல்லாம் நல்லா இருக்கு, ஆறு பற்றி யாரும் எழுதவில்லையே. நான் சொல்கிறேன்.

தென்பெண்ணை கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறந்து கிருஷ்ணகிரி, சாத்தனூர், திருக்கோவிலூர் எல்லாம் கடந்து நம்மிடம் வந்துதான் கடலைப் பார்க்கிறது. வெயில் காலத்தில் பார்த்தால் ஆறு என்றே சொல்ல மாட்டீர்கள், வெறும் மணல். முகத்துவாரத்தில் கடல் மணலைத் தள்ளி மேடு கட்டிவிடும். அப்போது ஆறு கடலில் சேராமல் உள்ளேயே குட்டையாக நிற்கும். மழை வந்து மேலே அணையும் திறந்தால் அந்த மணல் மேடுதான் எமன். தண்ணீருக்குப் போக வழி இருக்காது, திரும்பி ஊருக்குள் வரும். முகத்துவாரத்தை முன்கூட்டியே வெட்டிவிட வேண்டும் என்று எங்கள் ஆட்கள் வருடா வருடம் சொல்வோம்.

2024 டிசம்பரை மறக்க முடியுமா? நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரை கடந்தது, அப்பாடா முடிந்தது என்று நினைத்தோம். உண்மையில் அப்போதுதான் ஆரம்பம். டிசம்பர் 2 விடியற்காலையில் சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்தார்கள். அங்கே திறந்த தண்ணீர் இங்கே வந்து சேர நேரம் பிடிக்கும், அதனால் நம் பக்கம் வானம் வெளுத்து வெயில் அடிக்கும்போது தண்ணீர் ஏறுகிறது! என் சித்தப்பா வெயிலைப் பார்த்துவிட்டு நெல் மூட்டையைக் காயவைக்கலாம் என்று வாசலுக்கு இழுத்தார், சாயங்காலம் அதே வாசலில் இடுப்பளவு தண்ணீர். நாணமேடு, உச்சிமேடு என்று பேரில் மேடு வைத்திருந்த ஊர்களையும் ஆறு விடவில்லை. 2004 சுனாமி கடல் பக்கமிருந்து வந்தது, இது முதுகுப் பக்கமிருந்து வந்தது. மலரில் இதை எழுதாமல் விட்டால் ஊர் வரலாறு என்று சொல்லாதீர்கள்.

மண்ணைக் கேட்டீர்களே: கடல் ஓரம் மணல், சவுக்கும் தென்னையும். ஆற்று ஓரம் வண்டல்.


கணக்குப்பிள்ளை

மக்கள்தொகைக்கு வருகிறேன், ஏனென்றால் பழைய வேலை தோஷம். இணையத் தளங்களில் பார்த்த எண் ஏன் மாறுகிறது என்றால், ஒருவர் வருவாய்க் கிராமத்தின் கணக்கைப் போடுகிறார், ஒருவர் ஊராட்சியின் கணக்கைப் போடுகிறார், இன்னொருவர் வாக்காளர் பட்டியலைப் பார்த்து மக்கள்தொகை என்கிறார். வருவாய்க் கிராமத்தின் எல்லையும் ஊராட்சியின் எல்லையும் ஒன்றாகவே இருக்கும் என்று கட்டாயம் இல்லை. ஒரு ஊராட்சியில் நாலைந்து குக்கிராமம் இருக்கும், மலரில் ‘எங்கள் ஊர்’ என்று எதைச் சொல்கிறீர்கள் என்று முதலில் முடிவு பண்ணுங்கள். அம்மன் கோவில் வரி கொடுக்கிற தெருக்கள்தான் ஊர் என்றால் அந்தக் கணக்கு எந்த அரசாங்கத்திடமும் இல்லை, பூசாரியிடம்தான் இருக்கும்.

நம்பிப் போட வேண்டுமானால் 2011 கணக்கெடுப்பின் மாவட்டக் கையேட்டில் ஊர்வாரியாக வீடுகள், ஆண், பெண், ஆறு வயதுக்குட்பட்டோர், எழுத்தறிந்தோர், வேலை செய்வோர் என்று எல்லாம் இருக்கிறது. அதை எடுத்து ‘2011 கணக்கெடுப்பின்படி’ என்று வருடத்தோடு போடுங்கள். அப்போது கடலூர் மாவட்டம் முழுக்க 26,05,914 பேர். 2021-இல் எடுக்க வேண்டியது எடுக்கவே இல்லை, அடுத்ததற்கு 2027 மார்ச் 1 என்று நாள் குறித்திருக்கிறார்கள். இடையில் 2021-இல் கடலூர் மாநகராட்சியாகிவிட்டது, உங்கள் பக்கம் வயல் எல்லாம் மனையாகி ‘நகர்’ ‘நகர்’ என்று முளைத்திருக்கிறது, ஆகவே இன்றைய எண்ணிக்கை 2011-ஐவிட நிச்சயம் கூடுதல்தான். எவ்வளவு கூடுதல் என்று நீங்களாகக் கூட்டிப் பெருக்கி எழுதாதீர்கள்.

புறநகர் ஊர் நகரமாகிவிட்டதா என்பதற்குக் கணக்கெடுப்பில் ஒரு அளவுகோல் உண்டு: குறைந்தது 5,000 பேர், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர், வேலை செய்யும் ஆண்களில் 75 சதவீதம் விவசாயம் அல்லாத தொழில். பஞ்சாயத்தாகவே இருந்தாலும் இந்த மூன்றும் இருந்தால் கணக்கில் நகரம். ஆறு, கடல், மனைப்பிரிவு எல்லாம் ஒன்றாக இருக்கும் உங்கள் மாதிரி ஊர்களில் இதுதான் சுவாரஸ்யம்.

இன்னொன்று. கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேடு இருக்கும். புல எண் வாரியாக நஞ்சை, புஞ்சை, நத்தம், புறம்போக்கு என்று பிரித்திருக்கும். நிலத்தைப் பற்றி எழுத அதைவிட நல்ல புத்தகம் கிடையாது. காலையில் போங்கள், மத்தியானம் போனால் ஆள் இருக்க மாட்டார்.


பெண்ணைக்கரையான்

எல்லோருக்கும் நன்றி. மூன்று நாள் அலைந்துவிட்டு வந்து எழுதுகிறேன். கணக்குப்பிள்ளை ஐயா சொன்னபடி காலையில் போனேன், காலையிலும் ஆள் இல்லை. மறுநாள் கிடைத்தார், நல்ல மனிதர், பதிவேட்டைக் காட்டினார். மக்கள்தொகையை வருடத்தோடு போடுகிறேன்.

குண்டுக்கு இரண்டு கருத்தும் போடுவதாக இருக்கிறேன், பீரங்கியை முதலில், ஆசிரியர் ஐயாவின் பள்ளத்தை அடுத்ததாக. தாத்தா இல்லை, இருந்திருந்தால் சொல்லிக் காட்டியிருப்பார், ‘சொன்னேனா இல்லையா’ என்று. தம்பி, வெள்ளத்தைக் கண்டிப்பாக எழுதுகிறேன், எங்கள் வீட்டுச் சுவரில் தண்ணீர் நின்ற கோடு இன்னும் இருக்கிறது, அதை போட்டோ எடுத்துப் போடலாம் என்று விழாக் குழுவில் கேட்டேன், மங்கல மலரில் அது எதற்கு என்றார்கள். பேசிக்கொண்டிருக்கிறேன்.

ஒரே சிக்கல். நேற்று ராத்திரி இரண்டு நகைக்கடை விளம்பரமும் ஒரு மனை விளம்பரமும் வந்ததால் வரலாறு இரண்டு பக்கம் இல்லை, முக்கால் பக்கம் என்று சொல்லிவிட்டார்கள். ராஜாராம், யேல், லாலி எல்லாரையும் எடுத்தாகிவிட்டது. பீரங்கியும் வெள்ளமும் நிற்கிறது. முக்கால் பக்கத்தில் இன்னும் நாலு வரிக்கு இடம் இருக்கிறது, எதைச் சேர்க்கலாம்?


தாழங்குடா தம்பி

முகத்துவாரம் அண்ணே. மணல் வெட்டச் சொல்லி நாலு வரி.