ஸ்டார் ட்ரெக்கின் முதல் சொந்த நாவல்: 1968-ஆ, 1970-ஆ?

விண்ணோடி:
செந்தூரன் தமது நூல் அறிமுகத்தில் இப்படி எழுதியிருக்கிறார்: “ஸ்டார் ட்ரெக் தொலைக்காட்சித் தொடரை ஒட்டி வந்த முதல் சொந்தக் கதை நாவல், 1970-இல் ஜேம்ஸ் பிளிஷ் எழுதிய ‘ஸ்பாக் மஸ்ட் டை’. அதற்கு முன் வந்தவை அனைத்தும் ஒளிபரப்பான கதைகளை உரைநடையில் திரும்ப எழுதியவையே.” இதைப் படித்துவிட்டு வாய்மூடி இருக்க என்னால் முடியவில்லை. 1968-இலேயே மேக் ரெனால்ட்ஸ் எழுதிய ‘மிஷன் டு ஹொரேஷியஸ்’ வந்துவிட்டது. விஸ்கான்சின் மாநிலம் ரசீன் நகரத்து விட்மன் பதிப்பகம் அதை வெளியிட்டது. அது எந்த ஒளிபரப்பையும் தழுவியதல்ல. நெடுங்காலம் விண்ணில் அடைபட்டுக் கிடந்ததால் தொடரின் விண்கப்பலான எண்டர்பிரைஸில் இருப்பவர்களின் மனநிலை குலையத் தொடங்குகிறது. அந்த நிலையிலேயே கப்பலின் தலைவர் கிர்க் ஹொரேஷியஸ் மண்டலத்தின் மூன்று கோள்களுக்குக் கப்பலைச் செலுத்த வேண்டியிருக்கிறது. ஒன்றில் கற்கால வாழ்க்கை, மற்றொன்றில் மக்களை மருந்தால் மயக்கி வைத்திருக்கும் மத ஆட்சி, மூன்றாவதில் நாஜிகளை நினைவூட்டும் இராணுவ ஆட்சி. இந்தக் கதையை எந்த அத்தியாயத்தில் ஒளிபரப்பினார்கள் என்று செந்தூரன் காட்டட்டும். காட்ட முடியாதென்றால், 1968-க்குப் பிறகுதான் 1970 வரும் என்பதை ஏற்றுக்கொண்டு கட்டுரையைத் திருத்தட்டும்.

செந்தூரன்:
விண்ணோடி அவர்கள் நாள்காட்டி பார்க்கத் தெரிந்தவர் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் நான் எழுதியது வளர்ந்தவர்கள் படிக்கும் இலக்கியத்தைப் பற்றி. லாஸி, பொனான்சா போன்ற தொடர்களுக்கெல்லாம் சிறுவர் புத்தகம் அச்சிட்டுத் தள்ளிய அதே விட்மன், அதே வரிசையில் ஸ்டார் ட்ரெக்குக்கும் ஒன்றை அச்சிட்டது. பிளிஷோ அறிவியல் புனைகதைக்கான ஹியூகோ விருதை 1959-இல் பெற்றவர். அவருடைய நாவல் தொடங்கும் இடத்தையே பாருங்கள். டிரான்ஸ்போர்ட்டரில் ஒரு மனிதனை அணு அணுவாகப் பிரித்து வேறிடத்தில் சேர்க்கும்போது, போய்ச் சேருபவன் பழைய மனிதன்தானா, அல்லது அவன் செத்து அவனைப் போல் இன்னொருவன் பிறக்கிறானா என்று கப்பலின் மருத்துவர் மக்காய் கலங்குகிறார். ஆன்மா என்று ஒன்று இருந்தால் அது என்னவாகும் என்ற கேள்வி வருகிறது. தொடரைப் பார்த்த எத்தனையோ பேர் அந்தக் கருவியை வெறும் மின்னும் ஒளியாகப் பார்த்துக் கடந்தார்கள். அதற்குள் கிடந்த கேள்வியை எடுத்து ஒரு நாவலாக விரித்தவர் பிளிஷ். அந்தப் பொருளில்தான் முதல் நாவல் என்று எழுதினேன், அதில் ஓர் எழுத்தையும் மாற்றப்போவதில்லை.

விண்ணோடி:
“அந்தப் பொருளில்” என்ற சொற்கள் உங்கள் கட்டுரையில் எங்கே இருக்கின்றன, தம்பி? “முதல்” என்றுதான் இருக்கிறது. “அதற்கு முன் வந்தவை அனைத்தும் திரும்ப எழுதியவையே” என்றும் இருக்கிறது. 1968-இல் வந்த ஒரு சொந்தக் கதையை இல்லை என்று சொல்லிவிட்டு, கேள்வி வந்தவுடன் ஆன்மாவுக்குள் போய் ஒளிந்துகொள்வது என்ன நேர்மை? ரெனால்ட்ஸ் யாரோ பேர் தெரியாத கூலி எழுத்தாளர் அல்லர். அமெரிக்க அறிவியல் புனைகதை இதழ்களில் நிலைத்து எழுதியவர். அவருடைய தந்தை சோஷலிஸ்ட் லேபர் கட்சி சார்பில் 1928-இலும் 1932-இலும் குடியரசுத் தலைவர் பதவிக்குப் போட்டியிட்டவர். மூன்று கோள்களில் மூன்று வகை ஆட்சி என்ற அமைப்பு அப்படிப்பட்ட வீட்டில் அரசியல் கேட்டு வளர்ந்த ஒருவரிடமிருந்து வந்தது என்பதைப் புத்தகத்தைப் பிரித்தவர்கள் உணர்வார்கள். இன்னொன்றும் சொல்கிறேன். தொடர் 1966 செப்டம்பர் 8 அன்று தொடங்கி 1969 ஜூன் 3 அன்று முடிந்தது. ரெனால்ட்ஸின் புத்தகம் தொடர் ஓடிக்கொண்டிருந்தபோதே வந்தது. பிளிஷின் நாவல் வரும்போது தொடரே நின்றுவிட்டது. எது முதல் என்று இதற்கு மேலும் கேட்க வேண்டுமா?

பழைய அட்டை:
விட்மன் புத்தகங்களைச் சேகரிப்பவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். ‘மிஷன் டு ஹொரேஷியஸ்’ கெட்டி அட்டை, அட்டையின் மேலேயே அச்சிட்ட வண்ணப் படம், உள்ளே ஓவியங்கள் என்ற வடிவில் வந்தது. பேண்டம் பதிப்பகம் வெளியிட்ட பிளிஷின் புத்தகங்கள் அனைத்தும் மெல்லிய அட்டை. செந்தூரன் இலக்கியம் என்று கொண்டாடுவது மெல்லிய அட்டையில் வந்தது, சிறுவர் புத்தகம் என்று ஒதுக்குவது கெட்டி அட்டையில் வந்தது. முதலில் கெட்டி அட்டையில் வந்தது எது என்று கேட்டால் விண்ணோடியின் வாதம் இன்னும் வலுப்பெறும்.

செந்தூரன்:
அட்டையின் தடிமனை வைத்து இலக்கியத்தை எடைபோடும் அளவுக்கு இந்த விவாதம் வந்துவிட்டதில் எனக்கு உண்மையாகவே வருத்தம். விண்ணோடி அவர்களே, என்னைத் “தம்பி” என்று அழைக்க வேண்டாம். வயதில் நீங்கள் மூத்தவரா என்பது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. சென்ற முறை ஆலன் டீன் ஃபாஸ்டரின் ‘லாக்’ வரிசையைப் பற்றி நான் எழுதியபோதும் இதே “தம்பி” தான் வந்தது. அன்று நீங்கள் சொன்னதை நான் மறக்கவில்லை. தழுவல் எழுதுகிறவன் எழுத்தாளனே அல்லன் என்றீர்கள். ஃபாஸ்டர் ஸ்டார் ட்ரெக்கின் 22 அத்தியாயங்கள் கொண்ட அசைவூட்டத் தொடரை எடுத்துக்கொண்டு பத்துப் புத்தகங்கள் எழுதினார். முதல் ஆறில் மும்மூன்று கதைகள். கடைசி நான்கில் ஒவ்வொரு கதையையும் தனி நாவலாக விரித்தார். அரைமணி நேரக் கேலிச்சித்திரத்தை ஒரு முழு நாவலாக்க எவ்வளவு புதிதாகப் புனைய வேண்டியிருக்கும்! அன்று தழுவலை மட்டம் தட்டியவர் இன்று சிறுவர் புத்தகத்தைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்கிறார். இதில் அளவுகோல் எங்கே இருக்கிறது?

விண்ணோடி:
நான் சொன்னது பிளிஷின் தழுவல்களைப் பற்றி. ஃபாஸ்டரைப் பற்றி நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. தழுவல் என்று வந்துவிட்டதால் அதையும் சொல்லிவிடுகிறேன். 1967 ஜனவரியில் வந்த பிளிஷின் முதல் தொகுப்பில் ஏழு கதைகள் இருக்கின்றன. ‘தி மேன் ட்ராப்’ என்ற பெயரில் ஒளிபரப்பான கதை அங்கே ‘தி அன்ரியல் மக்காய்’ என்று இருக்கிறது. ‘சார்லி எக்ஸ்’ என்பது ‘சார்லிஸ் லா’ என்று இருக்கிறது. ஒளிபரப்புக்கு முந்தைய எழுத்துப் படிகளைக் கையில் வைத்துக்கொண்டு எழுதியதால் திரையில் பார்த்ததும் புத்தகத்தில் படித்ததும் ஒத்துப்போகாத இடங்கள் பல. 1968-இல் அவர் இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்தார். அங்கே பிபிசி இந்தத் தொடரை ஒளிபரப்பத் தொடங்கியதே 1969 ஜூலையில்தான். தொடரை அருகிலிருந்து பார்க்காத ஒருவரைத்தான் செந்தூரன் தொடரின் ஆன்மாவை அறிந்தவர் என்கிறார். 1968-ஐ மறைக்க ஓர் ஆன்மா, 1967-ஐ மறைக்க இன்னோர் ஆன்மா.

நிலவரசி:
இருவரும் 1968, 1970 என்று மோதிக்கொண்டிருக்கும்போது, இந்த நாவல்களின் உண்மையான பெருமையை யாரும் தொடவேயில்லை. தொடரின் 79 அத்தியாயங்களிலும், எண்டர்பிரைஸைச் செலுத்தும் சுலுவுக்கு முதற்பெயர் கிடையாது. வோண்டா மெக்கின்டயர் 1981-இல் பாக்கெட் புக்ஸ் வெளியிட்ட ‘தி என்ட்ரோபி எஃபெக்ட்’ நாவலில்தான் அவருக்கு ஹிகாரு என்று பெயர் வைத்தார். பத்து ஆண்டுகள் கழித்து, 1991-இல் வந்த ஆறாவது திரைப்படத்தில், எக்ஸெல்சியர் கப்பலின் தலைவராக சுலு தம் பெயரை ஹிகாரு சுலு என்று கப்பல் குறிப்பில் பதிவுசெய்கிறார். புத்தகத்தில் வருவது எதுவும் அதிகாரபூர்வ வரலாறு ஆகாது என்பது தயாரிப்பாளர்களின் விதி. அந்த விதியைத் தாண்டி ஒரு பெயர் திரையேறியது. முதல் நாவல் எது என்பதைவிட, தொடரைத் திரும்பப் பார்க்க வைத்த முதல் நாவல் எது என்று கேட்டால் என் விடை 1981.

விண்ணோடி:
நிலவரசி அவர்கள் மூன்றாவது ஆண்டு ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறார்கள். கேள்வி முதல் சொந்த நாவல் எது என்பது. 1981 என்பது 1970-க்கும் பிறகு வருவது. பேண்டம் மட்டுமே அதற்குள் ‘ஸ்பாக், மெசையா’ தொடங்கி ஜோ ஹால்டுமன் எழுதிய இரண்டு, டேவிட் ஜெரால்டு எழுதிய ஒன்று என்று ஒரு வரிசையே போட்டு முடித்துவிட்டது. சுலுவின் பெயருக்காக மகிழ்கிறேன். அதற்காக ரெனால்ட்ஸின் பெயரை அழிக்க ஒப்பமாட்டேன்.

நிலவரசி:
நான் எதை அழித்தேன்? உங்களைத் தவிர வேறு யாரும் ஒரு கருத்தைச் சொன்னாலே அது அழிப்பு ஆகிவிடுமா? இந்தப் பகுதியில் நான் எழுதும்போதெல்லாம் நீங்கள் ஆண்டுக் கணக்கைக் கொண்டுவந்து குறுக்கே நிற்கிறீர்கள். ஜான் எம். ஃபோர்ட் 1984-இல் எழுதிய ‘தி ஃபைனல் ரிஃப்ளெக்‌ஷன்’ எதிரி இனமான கிளிங்கான்களுக்கு ஒரு சமூகத்தையும் ஓர் ஒழுக்கத்தையும் கொடுத்தது என்று நான் எழுதியபோது, அதில் கிர்க் அதிகம் வருவதில்லை என்பதற்காக அதை ஸ்டார் ட்ரெக் நாவலே இல்லை என்றீர்கள். கிர்க் வராவிட்டால் நாவல் இல்லை, சிறுவர் வரிசையில் கிர்க் வந்தால் மட்டும் அது முதல் நாவலா? கிளிங்கான் வீட்டுச் சதுரங்க ஆட்டத்தில் சிறுவன் ஒருவன் உயிருள்ள காயாக நிறுத்தப்படும் அந்தத் தொடக்கத்தை மறுபடி படியுங்கள். எதிரி என்று மட்டுமே காட்டப்பட்ட ஓர் இனத்தை உள்ளிருந்து பார்க்கும் துணிவு தொலைக்காட்சிக்கு அன்று இல்லை.

பழைய அட்டை:
1979-இல் முதல் திரைப்படத்தின் நாவல் வடிவம் ஜீன் ராடன்பெரி பெயரில் வந்தது. அதை உண்மையில் எழுதியவர் ஃபாஸ்டர் என்று படித்திருக்கிறேன். தொடரை உருவாக்கியவரின் பெயரில் இன்னொருவர் எழுதியதை யார் கணக்கில் வைப்பது?

செந்தூரன்:
அது ஊர்ப்பேச்சு. ஃபாஸ்டரே அதை மறுத்திருக்கிறார். ஸ்டார் வார்ஸ் நாவலை ஜார்ஜ் லூகாஸ் பெயரில் எழுதிக் கொடுத்தவர் ஃபாஸ்டர் என்பது உண்மை. ஸ்டார் ட்ரெக் முதல் திரைப்படத்தின் மூலக் கதைக்கு அவருடைய பெயர் போடப்பட்டதும் உண்மை. இரண்டையும் ஒன்றாகப் பிசைந்து மூன்றாவது ஒன்றைச் செய்துவிட்டார்கள். ராடன்பெரியின் நாவலில், கிர்க்கே எழுதியது போன்ற முன்னுரையில், தமக்கு டைபீரியஸ் என்ற நடுப்பெயர் வந்த கதையை அவர் சொல்கிறார். ராடன்பெரி தம் பாத்திரத்தோடு அப்படி விளையாடியிருப்பதைப் படித்த பிறகும் வேறொருவர் எழுதினார் என்று சொல்வதற்குத் தனி மனம் வேண்டும்.

விண்ணோடி:
ராடன்பெரிக்காக இவ்வளவு உருகும் செந்தூரன், ரெனால்ட்ஸின் ஒரு பக்கத்தையாவது படித்தாரா என்று அறிய விரும்புகிறேன். அதே புத்தகத்தை 1990-களில் மறுபதிப்பாகக் கொண்டுவந்தார்கள். ஒதுக்கத்தக்க சிறுவர் புத்தகம் என்றால் இத்தனை ஆண்டுகள் கழித்து அதைத் தேடி எடுத்து மறுபடி அச்சிடுவானேன்? பிளிஷின் நாவலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முடிவில் ஆர்கானியர்கள் என்ற பேராற்றல் கொண்ட இனத்தார் கிளிங்கான்களுக்கு ஆயிரம் ஆண்டுகள் விண்வெளிப் பயணத்தையே தடை செய்கிறார்கள். பின்னர் வந்த எந்தத் திரைப்படமும், எந்தத் தொடரும் இதைக் கண்டுகொள்ளவில்லை. அப்படி எதையும் அசைக்காத ஒரு நாவலுக்கு “முதல்” என்ற பட்டம் எதற்கு?

செந்தூரன்:
அசைக்காததற்கு அவர் எப்படிப் பொறுப்பாவார்? புத்தகம் அதிகாரபூர்வ வரலாறு ஆகாது என்று நிலவரசி அவர்கள் இப்போதுதானே சொன்னார்கள்? பிளிஷின் நாவலில், கிர்க்கின் துணைத்தலைவரான ஸ்பாக் டிரான்ஸ்போர்ட்டரில் இருவராகிறார், ஒருவர் மற்றவரின் கண்ணாடிப் பிம்பம். அந்தப் பிம்பத்தின் உடலில் மூலக்கூறுகளும் இடம் வலம் மாறி அமைந்திருப்பதால், சாதாரண உணவின் அமினோ அமிலங்கள் அவருக்குப் பயன்படா. அதனால்தான் ஆய்வுக்கூடத்துக்குள் அடைத்துக்கொண்டு தமக்கான உணவைத் தாமே உண்டாக்க முயல்கிறார். இருவரில் போலி யார் என்ற துப்பு இந்த வேதியியலில் கிடைக்கிறது. எதிரிக்குப் புரியாமல் செய்தி அனுப்ப எழுத்தாளர் ஜேம்ஸ் ஜாய்ஸ் புனைந்த கலவை மொழியைக் குறியீடாகப் பயன்படுத்துகிறார்கள். ஜாய்ஸை ஆழ்ந்து படித்த ஒருவரால் மட்டுமே அதை எழுத முடியும். விண்ணோடி அவர்களின் மூன்று கோள்களில் இப்படி ஓர் இடத்தைக் காட்டட்டும்.

விண்ணோடி:
நான் கேட்டது ஆண்டு. நீங்கள் தருவது வேதியியல். 1968 என்று எழுத உங்கள் கை ஏன் இவ்வளவு நடுங்குகிறது?

நிலவரசி:
பிளிஷ் 1975-இல் மறைந்த பிறகு அவருடைய தழுவல்களின் பன்னிரண்டாம் தொகுப்பை முடித்துக் கொடுத்தவர் அவருடைய மனைவி ஜூடித் லாரன்ஸ். அவற்றில் விடுபட்ட, ஹாரி மட் என்ற மோசடிக்காரர் வரும் கதைகளையும் அவரே 1978-இல் ‘மட்ஸ் ஏஞ்சல்ஸ்’ என்று கொண்டுவந்தார். அதில் இரண்டு தழுவல்களோடு அவரே புனைந்த ஒரு நெடுங்கதையும் உண்டு. இவ்வளவு நேரம் பிளிஷுக்காக வாதாடிய செந்தூரன் ஜூடித்தின் பெயரை ஒரு முறைகூடச் சொல்லவில்லை.

செந்தூரன்:
நான் பேசுவது 1970-ஐப் பற்றி. 1978-க்கு என்னை ஏன் குற்றம் சாட்டுகிறீர்கள், அம்மா? அந்தப் புத்தகத்தின் மூன்று கதைகளில் இரண்டு தழுவல். அதைச் சொந்த நாவல் என்று எந்தக் கணக்கிலும் நான் சேர்க்கமாட்டேன்.

நிலவரசி:
நான் அதை நாவல் என்று எங்கே சொன்னேன்? நெடுங்கதை என்றுதான் எழுதியிருக்கிறேன், மேலே போய்ப் படியுங்கள். கணவர் எழுதினால் ஆன்மா, மனைவி எழுதினால் தழுவல் என்று பிரிக்கும் உரிமையை உங்களுக்கு யார் கொடுத்தது?