தக்காளியில் பூ கொத்துக் கொத்தாக வருகிறது, பிஞ்சு நிற்கவே இல்லை. உதவுங்கள்

மாடித்தோட்டம், மதுரை:
பிப்ரவரி கடைசியில் நட்ட தக்காளி, எட்டு பைகள். செடி இடுப்பளவு வளர்ந்து, இலை கரும்பச்சையாகத் தழைத்திருக்கிறது. ஏப்ரல் தொடக்கத்திலிருந்து நல்ல பூ. ஆனால் மூன்றே நாளில் பூக்காம்பின் நடுவில் உள்ள கணு மஞ்சளாகிவிடுகிறது, தொட்டால் பூ கையோடு வருகிறது. காலையில் கூட்டினால் முறம் நிறையப் பூ. பார்க்கவே மனசு கேட்கவில்லை. வாரம் ஒருமுறை கடலைப் புண்ணாக்குக் கரைசல் ஊற்றுகிறேன், இரு வேளை தண்ணீர். மாடிக்குத் தேனீ வருவதில்லை, அதனால்தானா?

காய்கறி விவசாயி, ஒட்டன்சத்திரம்:
இலை கரும்பச்சை என்கிறீர்களே, அங்கேதான் இடிக்கிறது அம்மா. புண்ணாக்கில் தழைச்சத்து அதிகம். அதை வாராவாரம் ஊற்றினால் செடி இலை விடுவதிலேயே குறியாக இருக்கும். ஒரு மாதம் நிறுத்துங்கள். பைக்கு ஒரு கரண்டி விறகுச் சாம்பல் மட்டும் தூவுங்கள், போதும்.

நாற்றங்கால், கோவை:
தேனீ வராததைக் காரணமாகச் சொல்ல மாட்டேன். தக்காளிப் பூவில் ஆணும் பெண்ணும் ஒன்றாகவே இருக்கின்றன. நடுவில் தெரியும் மஞ்சள் கூம்புக்குள்தான் மகரந்தம். பூ அதிர்ந்தால் அது உள்ளேயே உதிர்ந்து, பூவின் பெண் பாகமான சூலகத்தின் நுனியில் ஒட்டும், காற்றின் ஆட்டமே போதும். இறக்கைத் தசையை அதிரவைத்து மகரந்தத்தை உதிர்க்கும் வித்தை கருவண்டுக்குத் தெரியும், தேனீக்குத் தெரியாது. காற்று ஓயும் நாட்களில் காலை பத்து மணிக்குள் கொத்தின் காம்பை விரலால் சுண்டிவிடுங்கள். அப்புறம் ஒன்று பார்த்துச் சொல்லுங்கள்: கூம்பின் நுனிக்கு வெளியே பச்சையாக ஏதாவது நீட்டிக்கொண்டிருக்கிறதா?

மாடித்தோட்டம், மதுரை:
இப்போதுதான் பார்த்தேன். ஆமாம், பாதிக்கு மேற்பட்ட பூக்களில் ஊசி முனை போலப் பச்சையாக வெளியே நிற்கிறது.

நாற்றங்கால், கோவை:
சரி, அப்படியானால் முதல் காரணம் வெயில். அந்தப் பச்சை முனைதான் சூலக நுனி. கடும் சூட்டில் அது நீண்டு கூம்பைத் தாண்டிவிடும், உள்ளே உதிரும் மகரந்தம் அதற்கு எட்டாது. பகலில் 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தமே வீரியம் இழக்கும். இரவும் 24 டிகிரிக்குக் கீழே இறங்காவிட்டால் இன்னும் மோசம். பகல் முழுக்கக் காய்ந்த தளம் இரவெல்லாம் அனல் விடுகிறது, பைகள் அதன்மேல் உட்கார்ந்திருக்கின்றன. செங்கல் வைத்து உயர்த்துங்கள். மதியத்துக்கு மேல் நிழல் விழும் இடத்துக்கு நகர்த்துங்கள், முடியாவிட்டால் பச்சை நிழல்வலை கட்டுங்கள். செடியைப் பிடுங்கிவிடாதீர்கள்.

காய்கறி விவசாயி, ஒட்டன்சத்திரம்:
உண்மைதான், வெயிலை நான் யோசிக்கவில்லை. எங்கள் பக்கமும் சித்திரையில் பூ கொட்டும். மாடிக்கு ஐப்பசிக் கடைசியில் நாற்று நடுங்கள் அம்மா, மார்கழிப் பனியில் பூக்கிற பூ வீண் போகாது.

மாடித்தோட்டம், மதுரை:
மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். புண்ணாக்கை நிறுத்தினேன், பைகளைத் தண்ணீர்த் தொட்டி நிழலுக்கு மாற்றினேன். நடுவில் கோடை மழை பெய்து நாலைந்து நாள் இரவு குளிர்ந்தது. அப்போது விரிந்த பூக்களில் ஆறு நிற்கின்றன! கணு பச்சையாகவே இருக்கிறது, மிளகளவு பிஞ்சு. காய்ந்த இதழ் அதன் நுனியில் தொப்பி போல ஒட்டியிருக்கிறது. எடுத்துவிடலாமா?

நாற்றங்கால், கோவை:
கை வைக்காதீர்கள். பிஞ்சு பருக்கும்போது தானே கழன்றுவிடும்.