கப்போர்டு வேலைக்கு 1,20,000 அட்வான்ஸ் வாங்குனவரு போனையே எடுக்கல, என்ன பண்ணலாம்?

திருவெறும்பூர்க்காரன்:
வணக்கம். கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும், பொறுத்துக்குங்க. திருச்சி திருவெறும்பூர் பக்கம் சின்னதா ஒரு வீடு கட்டி தை மாசம் பால் காய்ச்சினோம். மர வேலை மட்டும் பாக்கி, கிச்சன் கீழ் கப்போர்டு, ரெண்டு பெட்ரூம்ல அலமாரி, லாஃப்டுக்கு கதவு. எங்க கொத்தனார் ஒரு கார்பெண்டரை கூட்டிட்டு வந்தாரு. ரொம்ப நல்லா பேசினாரு, அவ்வளவு நல்லா பேசினப்பவே நான் சுதாரிச்சிருக்கணும். எங்கம்மாகிட்ட "பூஜை அலமாரிக்கு மணி வச்ச கதவு நான் ஃப்ரீயா போட்டுத் தரேம்மா"ன்னு சொன்னாரு பாருங்க, அதோட எங்கம்மா அவரு கட்சி.

பிளைவுட், மைக்கா எல்லாம் சேத்து சதுரடி 1,150, மொத்தம் 220 சதுரடி, பேரம் பேசி 2,50,000க்கு முடிச்சோம். எக்ரிமெண்ட்னு ஒண்ணும் போடல, காலண்டர் பின்பக்கம் அவரே பேனாவால எழுதின கணக்குதான் இருக்கு. ஜிபேல ரெண்டு தடவையா 80 ஆயிரம், அப்புறம் "கடையில கேஷ் குடுத்தா ரேட் குறையும் சார்"னு சொன்னதால கையில ஒரு 40. ஆக 1,20,000. மறுநாளே குட்டியானைல 9 ஷீட்டு வந்து எறங்குச்சு, அவரும் ஒரு பையனும் நாலு நாள் வேலை பாத்தாங்க, பெட்ரூம்ல ரெண்டு பெட்டி கூடு மாதிரி நிக்குது. அஞ்சாவது நாள் "மச்சினிச்சி கல்யாணம், ரெண்டு நாள்ல வந்துடறேன்"னாரு. இன்னையோட 47 நாள். முதல்ல ரிங் போய் கட் ஆச்சு, அப்புறம் பிஸி, இப்ப சுவிட்ச் ஆஃப். வாட்ஸ்அப்ல ப்ளூ டிக் மட்டும் விழுது. கொத்தனாரைக் கேட்டா "எனக்கும் அவருக்கும் பழக்கமே கெடயாது, டீக்கடையில பாத்த ஆளு"ங்கிறாரு.

ஹால்ல மரத்தூள், பாதி தீந்த ஃபெவிகால் டப்பா, சுவத்துல சாய்ச்சு வச்ச ஷீட்டு, ஒரு பையில அவரோட, மரத்துல பள்ளம் எடுக்குற ரூட்டர் மெஷினும் கட்டரும். துணிமணி எல்லாம் இன்னும் அட்டைப்பெட்டியிலதான். போலீஸுக்குப் போறதா, வக்கீல்கிட்ட போறதா, இல்ல அந்த மெஷினை வித்து வர்றது வரட்டும்னு விட்டுடறதா? இப்படி பட்டவங்க யாராச்சும் சொல்லுங்க.

வைகைக்கரை:
அண்ணே முதல்ல மெஷின்ல கை வைக்காதீங்க. வித்தீங்கன்னா அவன் உங்க மேல திருட்டு கம்ப்ளெயிண்ட் குடுப்பான், நாய் வித்த காசு குரைக்காதுன்னு சொல்றதெல்லாம் ஸ்டேஷன்ல எடுபடாது. போட்டோ எடுத்து ஒரு ஓரமா பூட்டி வைங்க, அவனா வந்து கேப்பான்.

எனக்கு மதுரையில இதே கதை நடந்துச்சு, நமக்கு ஜன்னல் கிரில் வேலை. 35 ஆயிரத்தை வாங்கிட்டு போயிட்டாய்ங்க. வீடு தேடி அலைஞ்சேன், ஒருத்தனும் வழி சொல்லல. கடைசியில எங்க பிடிச்சேன்னா அவன் இரும்பு வாங்குற கடையில. இந்த வேலைக்காரங்க நம்ம போனை எடுக்க மாட்டாய்ங்க, ஆனா சரக்கு கடைக்காரர் போன் அடிச்சா ரெண்டாவது ரிங்ல எடுப்பாய்ங்க, ஏன்னா அந்தக் கடை கடன் நின்னுச்சுன்னா நாளைக்கு எந்த வீட்லயும் வேலை பாக்க முடியாது. உங்களுக்கு ஷீட்டு எந்தக் கடையில இருந்து வந்துச்சு? பில்லு இல்லாட்டியும் குட்டியானை டிரைவரைப் பிடிங்க, அவருக்குத் தெரியும்.

இன்னொண்ணு, ஷீட்டு ஓரத்துல சீல் அடிச்சிருப்பாங்க, அதுல என்ன நம்பர் இருக்குன்னு பாருங்க. உங்ககிட்ட என்ன பேசினாரு?

திருவெறும்பூர்க்காரன்:
"எல்லாமே 710 சார், தண்ணியில ஊற வச்சாலும் ஒண்ணும் ஆகாது"ன்னு பேசினாரு. இப்பதான் போய் டார்ச் அடிச்சுப் பாத்தேன். 9 ஷீட்டுலயும் ஐஎஸ் 303, எம்ஆர்னு போட்டிருக்கு. இப்படின்னா?

வைகைக்கரை:
சரியா போச்சு. 710ங்கிறது மரைன் பிளை, கிச்சன்ல சிங்க்குக்கு அடியில போடுறது. 303 எம்ஆர்னா சாதா ஈரம் தாங்கும், அவ்வளவுதான். பெட்ரூம் அலமாரிக்கு ஓகே, சிங்க் அடியில வச்சா ரெண்டு மழைக்காலத்துல அடியில உப்பிடும். விலையிலயும் நல்ல வித்தியாசம் இருக்கு. அந்த சீலை ஒவ்வொண்ணா போட்டோ எடுங்க.

நோட்டீஸ்_நடராஜன்:
நான் வக்கீல்தான், ஆனா இதை ஃபீஸ் வாங்காத ஃப்ரெண்ட் சொல்றதா எடுத்துக்குங்க.

முதல்ல உங்க பலவீனம் எங்கன்னா கையில குடுத்த 40. ஜிபே 80க்கு பேங்க் ஸ்டேட்மெண்ட் இருக்கு, 40க்கு ஒண்ணுமே இல்ல. அதனால இன்னைக்கே கோவப்படாம ஒரு மெசேஜ் போடுங்க. "அண்ணே, ஜிபேல 80, கையில 40, மொத்தம் 1,20,000 குடுத்திருக்கேன், 2,50,000க்கு பேசின வேலை பாதியில நிக்குது, எப்ப வந்து முடிக்கிறீங்க"ன்னு மட்டும். அவர் "அடுத்த வாரம் வரேன் சார்"னு ஒரு வரி போட்டாலே போதும், 40 வாங்கலைன்னு பின்னாடி சொல்றது அவருக்குக் கஷ்டம். "உன்ன தூக்கிடுவேன், குடும்பத்தோட நிறுத்திடுவேன்"னு எல்லாம் வாய்ஸ் நோட் அனுப்பாதீங்க, என்கிட்ட வர்ற கேஸ்ல பாதியில நம்ம ஆளே இப்படி அனுப்பி கெடுத்து வச்சிருப்பாரு.

போலீஸ் பத்தி. ஸ்டேஷன்ல மனு குடுத்தா சிஎஸ்ஆர் ரசீது தருவாங்க, கேட்டு வாங்கிக்குங்க. பெரும்பாலும் "இது சிவில் மேட்டர்"னுதான் சொல்வாங்க, அதுல ஓரளவு நியாயமும் இருக்கு. வேலையை முடிக்காம விட்டது மட்டும் மோசடி ஆகாது, பணம் வாங்கும்போதே ஏமாத்துற எண்ணம் இருந்திருக்கணும். பழைய 420 இப்ப இல்ல, 2024 ஜூலை 1ல இருந்து பாரதிய நியாய சன்ஹிதா 318. இவரு நாலு நாள் வேலை பாத்திருக்காரு, சரக்கு எறக்கியிருக்காரு, அது அவருக்கு சாதகம். ஆனா 710னு சொல்லி வேற சரக்கு எறக்கினது, ஒரே சமயத்துல இன்னும் நாலு வீட்ல இப்படி வாங்கியிருந்தா அது, ரெண்டும் உங்களுக்கு சாதகம். வேற யாராவது ஏமாந்திருந்தா சேந்து போங்க. எஃப்ஐஆர் ஆகாட்டியும் ஸ்டேஷன்ல இருந்து ஒரு போன் போனாலே நிறைய பேரு வந்துடுவாங்க.

எனக்குப் பிடிச்ச வழி மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்க குடியிருக்கிற மாவட்டத்துலயே கேஸ் போடலாம், அவரு ஊருக்குப் போய் அலைய வேணாம். குடுத்த தொகை 5 லட்சம் வரைக்கும் ஃபீஸ் கெடயாது, ஆன்லைன்லயே ஃபைல் பண்ணலாம், வக்கீல் இல்லாம நீங்களே வாதாடலாம், ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். சதுரடி ரேட்டுக்கு சரக்கோட பேசின வேலைங்கிறதால சேவைன்னு எடுத்துக்குவாங்க. தீர்ப்பு வந்தும் குடுக்கலைன்னா ஜெயில் வரைக்கும் போகும். சட்டப் புத்தகத்துல 3 மாசத்துல முடிக்கணும்னு இருக்கு, நடைமுறையில அதை நம்பி காலண்டர்ல வட்டம் போடாதீங்க.

இதெல்லாத்துக்கும் முன்னாடி ஒரு நோட்டீஸ் அனுப்பணும். நோட்டீஸ் அனுப்ப அட்ரஸ் வேணும். அவரு வீடு எங்கன்னு தெரியுமா உங்களுக்கு?

திருவெறும்பூர்க்காரன்:
லால்குடி பக்கம்னு சொன்னாரு சார். அவ்வளவுதான் தெரியும். ஆதார் காப்பி கேக்க சங்கடமா இருந்துச்சு, வீட்ல காபி குடிச்சிட்டு உக்காந்திருக்காரு, அவருகிட்ட எப்படி கேக்குறது.

நோட்டீஸ்_நடராஜன்:
இதேதான் எல்லாரும் சொல்றாங்க. அப்ப வைகைக்கரை சொன்ன மாதிரி கடைக்குப் போங்க, அட்ரஸ் அங்க கெடைக்கும்.

நொய்யல்_ஆத்தா:
ஏனுங்க, நான் ஒண்ணு சொல்றனுங்க, கோவிச்சுக்காதீங்க. பாதிக்குப் பாதி பணத்தை முன்னாடியே குடுத்துப்போட்டு அப்புறம் வேலைக்காரன் வரலைன்னா எப்படிங்க வருவான்? எங்க மாமனார் வீடு கட்டறப்ப மரம், ஆணி எல்லாம் அவரே கடைக்குப் போயி வாங்கிப் போடுவாரு, சனிக்கிழமை சாயந்திரம் திண்ணையில உக்காந்து வாரக் கூலியை எண்ணிக் குடுப்பாரு, அந்த வாரம் என்ன வேலை ஆச்சோ அதுக்கு மட்டும். ஒருத்தனும் ஓடுனதில்லைங்க. இப்ப எல்லாரும் சரக்கோட சேத்து ஒரே ரேட்டுன்னு பேசிப்போடறீங்க, வேலைக்காரன் கையில லம்ப்பா காசு போகுது.

உளியும்_நானும்:
நான் 22 வருஷமா மர வேலை பாக்குறவன், தஞ்சாவூர். எங்க பக்கத்தையும் ஒருத்தன் சொல்லணும்ல. அந்த ஆள் செஞ்சது தப்பு, 710 சொல்லிட்டு 303 போட்டது பச்சைத் துரோகம், அதுக்கு சப்போர்ட் பண்ண மாட்டேன். ஆனா ஆள் ஏன் காணாம போறான்னு தெரிஞ்சாதான் பிடிக்க முடியும்.

நடக்கிறது இதான். முந்தின வீட்டுக்காரர் கடைசி 40 ஆயிரத்தை "கதவு கொஞ்சம் உரசுது"ன்னு சொல்லி நிறுத்தி வச்சிருப்பாரு. கடைக்காரர் பழைய பாக்கியைக் குடுத்தாதான் புது சரக்குன்னுவாரு. கூட வர்ற பையனுக்கு சனிக்கிழமை சம்பளம் குடுக்கலைன்னா திங்கக்கிழமை வேற மேஸ்திரிகிட்ட போயிடுவான். அப்ப உங்க அட்வான்ஸை எடுத்து பழைய கடையை அடைக்கிறது, அடுத்த வீட்டு அட்வான்ஸை எடுத்து உங்க வேலையை முடிக்கிறது. இப்படி உருட்டிக்கிட்டே போவாங்க. நடுவுல ஒரு வீட்டுக்காரர் காசு நின்னுச்சுன்னா மொத்தமும் படுத்துரும், அப்புறம் உங்களைப் பாக்க மூஞ்சி இருக்காது, போனை ஆஃப் பண்ணிடுவாங்க. ஊரை விட்டெல்லாம் போயிருக்க மாட்டாரு, 10 கிலோமீட்டர் தள்ளி வேற ஒருத்தர் கிச்சன்ல மைக்கா ஒட்டிக்கிட்டு இருப்பாரு. ரூட்டரை விட்டுட்டுப் போயிருக்காருல்ல, அப்ப திரும்பி வர்ற எண்ணத்துலதான் போயிருக்காரு. நல்ல ரூட்டரை எங்காளு எவனும் சும்மா விட்டுட்டுப் போகமாட்டான்.

அதனால அவரைப் பிடிச்சதும் மொத்தப் பணத்தையும் இப்பவே வைன்னு நிக்காதீங்க, இருக்காது, மறுபடி ஓடிடுவாரு. ஆன வேலை எவ்வளவு, எறங்கின சரக்கு எவ்வளவுன்னு கழிச்சு பாக்கியை எழுதி வாங்குங்க. மேற்கொண்டு சரக்கு நீங்களே கடையில வாங்குங்க, பில் உங்க பேர்ல. நொய்யல் ஆத்தா சொன்னது சரி. கடைசியா ஒரு 10 பெர்செண்ட் மட்டும் நிறுத்தி வச்சுக்கிட்டு, கதவு ஹிஞ்ச் எல்லாம் டைட் பண்ணி லெவல் பாத்ததும் அன்னைக்கே குடுத்துடுங்க, எங்களையும் அலைய விடாதீங்க.

வைகைக்கரை:
உளியும் நானும் அண்ணே, கரெக்ட்டுதான், ஆனா உங்காளு கஷ்டத்துக்கு இவரு ஏன் அட்டைப்பெட்டியில இருந்து சட்டை எடுத்துப் போடணும்?

உளியும்_நானும்:
நான் எங்கய்யா நியாயம்னு சொன்னேன். எப்படி பிடிக்கிறதுன்னுதான் சொன்னேன்.

திருவெறும்பூர்க்காரன்:
மூணு வாரம் கழிச்சு வரேன், எல்லாருக்கும் பெரிய நன்றி. நடந்ததைச் சொல்லிடறேன்.

நடராஜன் சார் சொன்ன மெசேஜைப் போட்டேன். ரெண்டு நாள் கழிச்சு ராத்திரி 11 மணிக்கு "கண்டிப்பா முடிச்சு தரேன் சார், கொஞ்சம் டைம்"னு ஒரு ரிப்ளை, உடனே ஸ்கிரீன்ஷாட் எடுத்துட்டேன். குட்டியானை டிரைவரைப் பிடிச்சு கடைக்குப் போனேன். கடைக்காரர் என் கதையைக் கேட்டுட்டு சிரிக்கிறாரு, "எனக்கே 60 ஆயிரம் நிக்குது தம்பி"ன்னு. பழைய பில் புக்கைப் புரட்டி 9 ஷீட்டுக்கு 2,400 வீதம் 21,600னு காட்டினாரு. அவரு போன்ல இருந்து அடிச்சதும், வைகைக்கரை சொன்னாரே, சத்தியமா ரெண்டாவது ரிங்.

ஞாயித்துக்கிழமை காலையில வந்துட்டாரு, வண்டி டேங்க் மேல நாலு வயசு பொண்ணை உக்கார வச்சு. நான் இத்தனை நாளா மனசுக்குள்ள ஒத்திகை பாத்து வச்சிருந்த திட்டு எல்லாம் அந்தப் புள்ளையைப் பாத்ததும் தொண்டையிலயே நின்னுடுச்சு, வேணும்னேதான் கூட்டிட்டு வந்தாரோ என்னவோ. எங்கம்மா வேற அதுக்கு பிஸ்கட் குடுத்து "மணி கதவு என்னப்பா ஆச்சு"ன்னு கேக்குறாங்க.

உக்காந்து கணக்குப் போட்டோம். ஷீட்டு 21,600, மைக்கா, பசை, ஆணி எல்லாம் 4,400, ரெண்டு பேரு நாலு நாள் கூலி 8,000. மொத்தம் 34,000 போக பாக்கி 86,000. அதுல 25 ஆயிரம் அங்கயே ஜிபே பண்ணாரு, எங்கிருந்து பொரட்டினாரோ, எந்த வீட்டு அட்வான்ஸோ. மிச்சம் 61,000க்கு ஒரு பேப்பர்ல எழுதி கையெழுத்து, ஆதார் காப்பி, கடைக்காரர் சாட்சி. இருக்கிற ஷீட்டு அலமாரிக்கும் லாஃப்டுக்கும், கிச்சனுக்கு 710 நானே வாங்கித் தரேன், சனிக்கிழமை கூலி அந்த 61,000ல கழிச்சுக்கறதுன்னு பேச்சு. நேத்து வரைக்கும் ஆறு நாள்ல நாலு நாள் வந்திருக்காரு.

ஒரே ஒரு சந்தேகம். வேற எடத்துல அர்ஜெண்ட் வேலை இருக்கு, ரூட்டரை ரெண்டு நாளைக்கு எடுத்துட்டுப் போயி கொண்டாந்து தரேன்ங்கிறாரு. குடுக்கலாமா?

உளியும்_நானும்:
கட்டரைக் குடுங்க. ரூட்டர் அங்கேயே இருக்கட்டும்.