நீல லின்கியா: மூன்று மணி நேரச் சொட்டா, முப்பது நிமிடமா?

அலைவாசி:
என் ரீஃப் தொட்டி (பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி) 300 லிட்டர், ஓடத் தொடங்கி எட்டு மாதம். மென்பவளங்கள் நன்றாக விரிகின்றன. நீல லின்கியா நட்சத்திர மீன் ஒன்று வாங்க ஆசை. அதைக் கட்டித்தரும் பையை அரை மணி நேரம் தொட்டியில் மிதக்கவிட்டு இறக்கினால் போதும் என்கிறார் கடைக்காரர். சரிதானா?

உப்புமானி:
மீனுக்குச் சரி, இதற்குச் சரியில்லை. மீன் தன் உடலின் உப்பைத் தானே சரிக்கட்டிக்கொள்ளும். நட்சத்திர மீனால் அது முடியாது. வெளியே எவ்வளவு உப்போ உள்ளேயும் அவ்வளவுதான். குழாய்க்கால்களை நீட்டி மடக்குவதே உள்ளே ஓடும் நீரின் அழுத்தத்தால்தான். கடைத் தொட்டியில் உப்பைக் குறைத்து வைப்பது சாதாரணம். உப்பளவைக் காட்டும் ஒப்படர்த்தி பை நீரில் 1.021, உங்கள் தொட்டியில் 1.026 என்றால் அரை மணி நேரத்தில் அந்த வித்தியாசத்தை அது தாங்காது. பை நீரோடு அதை ஒரு பாத்திரத்தில் விட்டு, காற்றுக்குழாயில் முடிச்சுப் போட்டு உங்கள் தொட்டி நீரை அதில் நொடிக்கு இரண்டு சொட்டு விடுங்கள். பாத்திரத்து நீர் இரட்டிப்பானதும் பாதியைக் கொட்டிவிட்டுத் தொடருங்கள். உப்பளவு பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டர் இரண்டு நீருக்கும் ஒரே அளவு காட்டும்வரை நிறுத்த வேண்டாம். மூன்று மணி நேரம் குறைந்தபட்சம்.

கரையோரம்:
பை எத்தனை மணி நேரமாகக் கட்டியிருக்கிறது என்று நீங்கள் கேட்கவே இல்லையே! இரண்டு நாள் பயணப்பட்ட பையில் கரியமில வாயு சேர்ந்து பி.எச். (அமில-கார அளவு) இறங்கியிருக்கும். அதனால் கழிவிலிருந்து வரும் அம்மோனியா பெரும்பகுதி அம்மோனியமாக, அவ்வளவாகக் கெடுதல் செய்யாமல் கிடக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறி பி.எச். ஏறும், அடங்கிக் கிடந்தது நஞ்சாக மாறும். அந்த நீரில் மூன்று மணி நேரம் ஊறவைப்பது அதைக் கொல்லும் வழி. நான் முன்பே அனுப்புபவரிடம் உப்பளவைக் கேட்டு, அதே அளவில் புது உப்புநீரை ஒரு வாளியில் கலந்து வைத்துவிடுவேன். பையைத் திறந்த சில நிமிடத்தில் நட்சத்திர மீன் அந்த வாளியில் இருக்கும். உப்பை அப்புறம் நாள்கணக்கில் மெல்ல ஏற்றுவேன்.

உப்புமானி:
நெடுந்தூரப் பைக்கு நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். கடையிலிருந்து ஒரு மணி நேரத்தில் வீட்டுக்கு வரும் பையில் அம்மோனியா அந்த அளவு சேராது. அங்கே சொட்டு முறைதான். எதுவானாலும் அதை நீரைவிட்டு வெளியே தூக்காதீர்கள், ஒரு கிண்ணத்தில் நீரோடு மொண்டு மாற்றுங்கள்.

பாறைப்பாசி:
நீங்கள் இருவரும் வாசற்படியிலேயே நின்று பேசுகிறீர்கள். உள்ளே போனபின் அது என்ன சாப்பிடும்? லின்கியா பாறைமேல் படியும் மெல்லிய படலத்தை மேய்கிற உயிர். எட்டு மாதத் தொட்டியில் அது போதுமான அளவு இருக்காது.

நான் நான்கு மணி நேரம் சொட்டு விட்டுத்தான் இறக்கினேன். ஐந்து மாதம் இருந்தது. பகலெல்லாம் கண்ணாடியிலேயே ஊர்ந்துகொண்டிருக்கும், சுறுசுறுப்பாக இருக்கிறது என்று மகிழ்ந்தேன். உணவு தேடி அலைந்திருக்கிறது. கைகள் மெலிந்தன, ஒரு கை நுனியில் வெள்ளைப் புள்ளி வந்தது, மூன்றாம் நாள் அந்தக் கை தொட்டாலே குழைந்தது. தயவுசெய்து வாங்காதீர்கள்.

கரையோரம்:
பட்டினி உண்மைதான். ஆனால் இறக்கிய ஓரிரு வாரத்தில் இப்படிக் குழைந்தால் பெரும்பாலும் உப்பு அதிர்ச்சிதான், பசி இல்லை. பழைய பெரிய தொட்டியில், நிறைய உயிர்ப்பாறை (சிற்றுயிர்கள் குடியேறிய பாறை) இருந்தால், லின்கியா நீடிப்பதும் உண்டு.

அலைவாசி:
அப்படியென்றால் சாக்லேட் சிப் என்கிற நட்சத்திர மீன் வகை? மணலைச் சலிக்கும் வகை?

பாறைப்பாசி:
சாக்லேட் சிப் உங்கள் பவளங்களைத் தின்றுவிடும். மணல் சலிப்பது மணலில் உள்ள சிற்றுயிர்களைத் தீர்த்துவிட்டு அதுவும் பட்டினி கிடக்கும். நட்சத்திர மீனின் உறவான, ஒல்லிக் கைகள் கொண்ட பிரிட்டில் ஸ்டார் பாருங்கள், மீன் சிந்தும் தீனியே அதற்குப் போதும். பச்சை நிறத்தது மட்டும் வேண்டாம், தூங்கும் மீனைப் பிடித்துத் தின்னும்.

அலைவாசி:
கடையில் விசாரித்தேன். லின்கியா நேற்றுதான் வந்ததாம்.

உப்புமானி:
இரண்டு வாரம் அங்கேயே இருக்கட்டும். அப்புறம் போய், நீருக்குள்ளேயே புரட்டிப் போடச் சொல்லுங்கள்: தானாகத் திரும்புகிறதா, கைகள் விறைப்பாக இருக்கின்றனவா, அடிப்பக்கம் ஒட்டுண்ணி நத்தை ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

பாறைப்பாசி:
அது திரும்பினாலும் உங்கள் பாறைகளுக்கு வயது எட்டு மாதம்தான். இன்னும் ஒரு வருடம் பொறுங்கள்.

அலைவாசி:
பிரிட்டில் ஸ்டார் ஒன்றை எடுத்துவைக்கச் சொல்லிவிட்டேன். அந்தத் தொட்டியின் உப்பளவையும் கேட்டேன்: 1.022.