மகுடக் கப்பியா, நடுமேட்டுக் கப்பியா?

> 'மகுடக் கப்பி' என்றே வைத்துவிடலாமே. ஆங்கிலத்திலும் கிரீடம் என்றுதானே சொல்கிறார்கள்?

ஐயா, வணக்கம்.

எந்திரங்களில் தட்டை வார் (பெல்ட்) ஓடும் 'கிரவுண்ட் புல்லி' (crowned pulley) என்ற கப்பிக்குத் தமிழில் 'நடுமேட்டுக் கப்பி' என்று நான் வைத்த பெயரைப் பற்றிக் கேட்கிறீர்கள். ஆங்கிலத்தில் சரி. தமிழில் மகுடம் என்றால் தலையில் தூக்கி வைக்கிற தனிப் பொருள். இந்தக் கப்பியில் அப்படி எதுவும் இல்லை. வார் ஓடும் முகம் நடுவில் லேசாகப் புடைத்து, இரண்டு ஓரமும் தாழ்ந்திருக்கும். பல கப்பிகளில் அளவுகோலைக் குறுக்கே வைத்துப் பார்த்தால்தான் அதுவே தெரியும்.

ஆனால் வாரைக் கழலாமல் காப்பது அந்த மேடுதான். சரிவான முகத்தில் ஓடும் தட்டை வார் கீழே வழுக்காது, உயரமான பக்கத்துக்கு ஏறும். முகத்தில் படிந்த பகுதி அந்தப் பக்கமாக வளைவதால், அடுத்து வரும் பகுதி இன்னும் கொஞ்சம் மேலே போய்ப் படிகிறது. இருபுறமும் சரிவு இருந்தால் நடுவில் வந்து நிற்கிறது. விளிம்பே வேண்டாம்.

நியூயார்க் மாநிலம் ஈஸ்ட் மெரிடித்தில் ஹான்ஃபோர்டு ஆலை அருங்காட்சியகம் இருக்கிறது. நீர்ச்சக்கரத்தின் விசையை வார்களில் கடத்தி, பழைய மரவேலை எந்திரங்களை அங்கே ஓட்டிக் காட்டுகிறார்கள். இப்படி ஓர் எந்திரத்தைப் புதுப்பிக்கும்போது, துரு எடுப்பதாக நினைத்துக் கப்பியைக் கடைசலில் சமமாக்கிவிட்டால் போச்சு, வார் ஓரத்துக்கு ஓடிக் கழன்றுவிடும். 'மகுடம்' என்று படித்தவருக்கு அது அலங்காரமாகத் தோன்றலாம். 'நடுமேடு' என்று படித்தவர் கை வைக்குமுன் யோசிப்பார்.

'முகடு' என்றும் யோசித்தேன். கூரை முகடு கூராக நிற்கும், இது அப்படியில்லை.

இன்னொரு வசதியும் உண்டு. கூரையடியில் ஓடி எல்லா எந்திரங்களுக்கும் விசை தரும் பொதுத்தண்டின் அகலக் கப்பிக்கு முகம் தட்டையாக இருக்க வேண்டும். எந்திரத்தை நிறுத்த வாரைப் பக்கவாட்டில் தள்ளுவார்கள். மேடு இருந்தால் நகர விடாது. ஆக, நடுமேட்டுக் கப்பி, தட்டைமுகக் கப்பி என்று ஜோடியாக நிற்கும்.

அப்புறம், தள்ளிய வார் போய்ச் சேரும் கப்பி. நம் அரிசி ஆலைகளில் 'லூஸ் புல்லி' என்பார்கள். 'தளர்கப்பி' என்றால் பொருள் மாறிவிடுகிறது. அதில் தளர்ச்சி எதுவும் இல்லை, தண்டோடு பிணையாமல் தன்பாட்டுக்குச் சுற்றுகிறது. நான் 'சும்மாக் கப்பி' என்பேன். தண்டைச் சுழற்றும் பக்கத்துக் கப்பி 'பிணைகப்பி'. ஆலையில் வேலை பார்த்தவர்கள் வேறு பெயர் சொல்லக் கேட்டிருந்தால் எழுதுங்கள், அதையே எடுத்துக்கொள்வோம்.