ஓடுபாதை முழுக்க ஓடியும் எழும்பாத ஜெட்: பெட்ஃபர்டில் நடந்தது என்ன?

தென்காற்று:
2014 மே 31 இரவு, அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் உள்ள பெட்ஃபர்டு ஹான்ஸ்கம் ஃபீல்டில் நடந்த கல்ஃப்ஸ்ட்ரீம் ஜி-4 பிசினஸ் ஜெட் விபத்தைப் பற்றிக் கேட்கிறேன். அட்லாண்டிக் சிட்டிக்குக் கிளம்பிய விமானம் தரையை விட்டு எழும்பவே இல்லை. ஓடுபாதையைத் தாண்டி, ஆண்டெனாவையும் வேலியையும் இடித்துக்கொண்டு பள்ளத்தில் விழுந்து எரிந்தது. ஏழு பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. அவர்களில் ஒருவர் லூயிஸ் காட்ஸ். ஃபிலடெல்ஃபியா இன்குவயரர் பத்திரிகையைக் கூட்டாக ஏலத்தில் எடுத்து நாலே நாள் ஆகியிருந்தது. அதனால் சதியாக இருக்குமோ என்ற சந்தேகம் எனக்கு விடவில்லை. 2,137 மீட்டர் ஓடுபாதை, 162 நாட் வரை வேகம். இவ்வளவு வேகத்திலும் மூக்கு தூக்கவில்லை என்றால் கோளாறு எஞ்சினிலா, எடையிலா, இல்லை யாராவது கைவைத்தார்களா?

ரிவெட்:
எஞ்சின் இல்லை. 162 நாட் என்றால் மணிக்கு 300 கி.மீ.; எழும்பத் தேவையான வேகத்தைவிட அது நிறையவே அதிகம். மூக்கைத் தூக்குவது வாலில் மேலும் கீழும் அசையும் எலிவேட்டர் தகடு. அது அசையாவிட்டால் எஞ்சின் எவ்வளவு தள்ளினாலும் விமானம் ஓடுமே தவிர எழாது.

அன்று அதை அசையவிடாமல் பிடித்திருந்தது கஸ்ட் லாக். நிறுத்தி வைத்திருக்கும்போது காற்று அடித்து எலிவேட்டர், ஐலரான் (இறக்கையில் பக்கவாட்டில் சாய்க்கும் தகடு), ரட்டர் (வாலில் இடம் வலம் திருப்பும் தகடு) மூன்றும் ஆடி மோதிக் கெடாமல் இருக்கப் போடும் பூட்டு. காக்பிட் நடுப் பீடத்தில் சிவப்புக் கைப்பிடி. எஞ்சினைக் கிளப்பும் முன்பே எடுத்துவிட வேண்டும். குரல் பதிவில் விமானி "பூட்டு போட்டிருக்கிறது" என்று பலமுறை சொல்வது கேட்கிறது. வெளியாள் யாரும் கைவைக்கத் தேவையே இல்லாத காரணம் இது. அமெரிக்காவில் விமான விபத்துகளை விசாரிக்கும் என்.டி.எஸ்.பி. அமைப்பும் இதையேதான் சொன்னது.

தென்காற்று:
பூட்டு போட்டிருந்தால் த்ராட்டிலை (எஞ்சின் விசையைக் கூட்டும் லீவரை) தள்ளவே முடியாதபடி தடுப்பு இருக்கும் என்று படித்தேனே? அப்புறம் எப்படி அந்த வேகம்?

நாலாம்கியர்:
சரியான இடத்தில் பிடித்தீர்கள், எனக்கு இந்த விபத்தில் உறுத்துவதே இதுதான். தடுப்பு இருந்தது. பூட்டு போட்ட நிலையில் த்ராட்டில் 6 டிகிரிக்கு மேல் நகரக்கூடாது, டாக்ஸிக்கு (தரையில் மெதுவாக ஓட்டிப் போவதற்கு) மட்டும் போதும், டேக்-ஆஃபுக்குப் போதாது என்பது வடிவமைப்புக் கணக்கு. விபத்துக்குப் பிறகு ஓடிக்கொண்டிருந்த மற்ற ஜி-4 விமானங்களைச் சோதித்தபோது, பூட்டு போட்டும் அதைப் போல மூன்று நான்கு மடங்கு நகர்ந்தது. சான்றிதழ் கொடுத்த காலத்தில் வரைபடத்தைப் பார்த்தே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்; கைப்பிடியைப் பூட்டிவிட்டு லீவரைத் தள்ளிப் பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

அன்று எஞ்சின் அழுத்த விகிதம் (எஞ்சின் எவ்வளவு விசை தருகிறது என்பதன் அளவு) எதிர்பார்த்த 1.7-ஐத் தொடவில்லை, 1.6 அளவில் நின்றது. த்ராட்டில் முழுசாகப் போகவில்லை என்பதற்கு அதுவே அடையாளம். ஆனால் வேகம் பிடிக்க அது தாராளமாகப் போதும். தடுப்பு பாதி வேலை செய்தது. இந்த மாதிரி தடுப்பு இல்லாமலே இருப்பதைவிட மோசம் என்பேன், இருக்கிறது என்று நம்பிவிடுகிறோம்.

தென்காற்று:
விமானிக்குத் தெரிந்துவிட்டதே. உடனே பிரேக் போடாமல் என்ன செய்தார்கள்?

ரிவெட்:
ஓட்டத்திலேயே பூட்டை விடுவிக்கப் பார்த்தார்கள். ஜி-4-இல் ஃப்ளைட் பவர் ஷட்-ஆஃப் என்று ஒரு கைப்பிடி உண்டு, கன்ட்ரோல்களை அசைக்கும் ஹைட்ராலிக் (எண்ணெய்) அழுத்தத்தை வெட்டிவிடும். அழுத்தம் போனால் பூட்டின் கொக்கி தளரும் என்று நினைத்து அதை இழுத்திருக்கிறார்கள். விமானம் நிற்கும்போது என்றால் ஓரளவு நியாயமான யோசனைதான். ஓட்டத்தில் எலிவேட்டர் மேல் காற்றே பெரிய சுமையாக இருக்கிறது, அந்தச் சுமையில் கொக்கி விடாது.

நேரக் கணக்கைப் பாருங்கள். "பூட்டு" என்று முதலில் சொன்னதிலிருந்து சுமார் 11 நொடிக்குள் டேக்-ஆஃபைக் கைவிட்டிருந்தால் தார்ப்பரப்புக்குள்ளேயே நின்றிருக்கலாம். பிரேக் விழுந்தது சுமார் 10 நொடி கழித்து. அப்போதும் த்ராட்டிலைக் குறைக்கவில்லை. அதற்கு மேலும் 4 நொடி. அந்த வேகத்தில் நொடிக்கு 80 மீட்டருக்கு மேல் ஓடுகிறது, எஞ்சின் முன்னே தள்ள பிரேக் பின்னே இழுக்க 300 மீட்டருக்கு மேல் வீண். அதற்குப் பிறகு ரிவர்சர் (எஞ்சின் விசையை எதிர்ப்பக்கம் திருப்பி வேகம் குறைப்பது) போட்டும் பலனில்லை.

பின்னிருக்கை:
கைப்பிடியை மறந்தது முதல் தவறு, சரி. ஆனால் அதைப் பிடிக்க இன்னும் வாய்ப்புகள் இருந்தன. எஞ்சின் கிளம்பியதும் யோக்கை (விமானியின் கைச்சக்கரத்தை) முன்னும் பின்னும் இடமும் வலமும் கடைசி வரை தள்ளி, பெடலை இரண்டு பக்கமும் மிதித்துப் பார்க்க வேண்டும். அரை நிமிடம்கூட ஆகாது. பூட்டு இருந்தால் முதல் தள்ளலிலேயே தெரியும். பிறகு ஓட்டத்தில் வேகம் ஏறும்போது யோக் தானாக நடுநிலைக்கு வந்திருக்கிறதா என்றும் பார்க்கணும். இதற்கு நடுவே "ரட்டர் லிமிட்" என்று திரையில் அறிவிப்பும் வந்தது, அதற்கும் யாரும் நிற்கவில்லை.

பதிவுப் பெட்டியில் இருந்த முந்தைய 175 டேக்-ஆஃப்களைப் பார்த்தால் முழுசாகச் சோதித்தது இரண்டே தடவை. ஆக அன்று மட்டும் நடந்த மறதி இல்லை. மற்றவர்கள் யோக்கியமா என்றால், 2013 முதல் 2015 வரை பிசினஸ் ஜெட்களின் 1,43,756 டேக்-ஆஃப்களை எடுத்துப் பார்த்த ஆய்வில் 15.62 சதவீதம் அரைகுறைச் சோதனை, 2.03 சதவீதம் சோதனையே இல்லை.

இன்னொன்று: 1935-இல் அமெரிக்காவின் ரைட் ஃபீல்டில் போயிங் 299 குண்டுவீச்சு விமானம் விழுந்ததும் கன்ட்ரோல் பூட்டை எடுக்காததால்தான். விமானிகளின் செக்லிஸ்ட் வழக்கம் வேரூன்றியதே அந்த விபத்துக்குப் பிறகு.

நாலாம்கியர்:
கிளப்பிய பிறகு பூட்டு ஞாபகம் வந்தால் என்ன செய்வது என்பதையும் சேர்த்துவிடுகிறேன், பலர் இதில்தான் குறுக்குவழி தேடுவார்கள். இரண்டு எஞ்சினையும் அணைக்க வேண்டும், ஹைட்ராலிக் அழுத்தம் இறங்கட்டும், அப்புறம் கைப்பிடியை விடுவித்து மறுபடி கிளப்பி, கன்ட்ரோல் சோதனையை முதலிலிருந்து செய்ய வேண்டும். அழுத்தம் இருக்கும்போது கைப்பிடியை வலிந்து தள்ளினால் கொக்கி சிக்கிக்கொள்ளலாம். கைப்பிடி விட்ட நிலையில் தெரியும், வாலில் பூட்டு அப்படியே இருக்கும்.