தவுக்கே, தரகர், டத்தோ: வீடு விற்கும் வேலைக்கு வந்த புதிதில் யாரைக் கண்டு பயந்தோம்?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். வீடு, நிலம் விற்றுக் கொடுக்கும் வேலைக்குப் புதிதாக வரும் நம் பிள்ளைகள், அதிலும் தோட்டத்தில் வளர்ந்தவர்கள், என்னிடம் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான். "அக்கா, பெரிய ஆளுங்க முன்னாடி போனாலே வாய் வரமாட்டேங்குது." ஆளுக்கு ஓர் அனுபவம் எழுதினால் அவர்களுக்கு உதவும். என்னுடையதை முதலில் வைக்கிறேன்.

அம்மா பால்மரம் வெட்டியவர். நான் தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்துவிட்டு இந்த வேலைக்கு வந்தேன். ரென் அட்டை (பதிவு பெற்ற நிறுவனத்தின் கீழ் வீடு, நிலம் விற்றுக் கொடுப்பவருக்கான அட்டை) வாங்குவதற்கு முன் இரண்டு நாள் வகுப்பு உண்டு. இந்தத் தொழிலுக்கான 1981ஆம் ஆண்டுச் சட்டம் என்ன சொல்கிறது, கமிஷன் மூன்று விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது, வாடிக்கையாளரின் முன்பணத்தை நாம் கையில் வாங்கக்கூடாது, எல்லாம் தெளிவாகச் சொல்லித் தருவார்கள். ஆனால் பல காலமாக ஊரில் கடை வைத்திருக்கும் ஒரு தவுக்கேயிடம் (சீன முதலாளியிடம்) போய், "உங்கள் கடைவீட்டை நான் விற்றுத் தருகிறேன்" என்று குரல் நடுங்காமல் சொல்வது எப்படி என்பது வகுப்பில் வராது.

அந்தத் தவுக்கே என்னை மேலும் கீழும் பார்த்தார். "அமோய், நீ வேலைக்கு வந்து எத்தனை நாளாச்சு? உன் பாஸை வரச் சொல்" என்று மலாயில் சொல்லிவிட்டுக் கணக்குப் புத்தகத்தைத் திறந்துகொண்டார். கடையில் வேலை செய்த பையன்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காருக்கு வந்து சேரும்வரை அழுகையை அடக்கிக்கொண்டேன்.

ஈப்போ அலுவலகத்தில் மூத்தவர்கள் நல்ல மனதோடுதான் சொன்னார்கள்: நன்றாக உடுத்திக்கொண்டு போ, கண்ணைப் பார்த்துப் பேசு, தைரியமாக இரு. எல்லாம் செய்தேன். பயம் அப்படியேதான் இருந்தது. அது விலகத் தொடங்கியது, கோல கங்சார் நில அலுவலகத்தில் கட்டணம் கட்டி அந்த மனைக்கு சாரியான் ரஸ்மி (நிலப் பதிவின் அதிகாரபூர்வ விவரத் தாள்) எடுத்த அன்றுதான். உரிமையாளர் யார், நிரந்தர உரிமையா குத்தகையா, குத்தகை எந்த ஆண்டு முடிகிறது, பேங்க் அடமானம் இருக்கிறதா, யாராவது கேவியட் (கைமாற்றத்தைத் தடுக்கும் பதிவு) போட்டிருக்கிறார்களா, மாநில அரசின் அனுமதி இல்லாமல் கைமாற்றக்கூடாது என்ற தடை உண்டா, இத்தனையும் அதில் தெரிந்துவிடும். அந்தக் கடைவீடு குத்தகை நிலத்தில் நின்றது. மீதி முப்பது ஆண்டுகூட இல்லை.

மறுபடியும் போனேன். அதே மேசை, அதே பையன்கள். "தவுக்கே, நீங்கள் கேட்பது நிரந்தர உரிமைக் கடைக்கு வரும் விலை. உங்கள் குத்தகையில் மீதி இருப்பதைப் பார்த்தால் பேங்க் கடன் தரத் தயங்கும். ரொக்கமாக வாங்குகிற ஆள் வேண்டும். இல்லையென்றால் அரசுக்குப் பிரீமியம் கட்டிக் குத்தகையை நீட்டிக்க விண்ணப்பிக்க வேண்டும். கைமாற்ற மாநில அனுமதியும் வேண்டும், அதற்கும் நாளாகும்" என்றேன். அவர் புத்தகத்தை மூடிவிட்டு மாடியிலிருந்த மகனைக் கூப்பிட்டார். அப்புறம் நெடுநேரம் வாக்குவாதம். ஆனால் பேச்செல்லாம் பிரீமியத்தைப் பற்றி, விலையைப் பற்றி. என் வயதைப் பற்றியோ பாஸைப் பற்றியோ அவர் மறுபடி கேட்கவே இல்லை. அந்தக் கடைவீட்டை விற்கும் பொறுப்பு எனக்கு வந்தது.

புதிதாக வருகிறவர்களின் பயத்தில் பாதி, "எனக்குத் தெரியாததைக் கேட்டுவிடுவாரோ" என்பதுதான். முன்கூட்டியே தேடிப் படித்துவிட்டுப் போனால் அது குறையும். மீதிப் பாதிக்கு, "இது எனக்குத் தெரியவில்லை, கேட்டுவிட்டு நாளைக்குச் சொல்கிறேன்" என்று சொல்லப் பழக வேண்டும். சொன்னபடி மறுநாள் கண்டிப்பாகக் கூப்பிட வேண்டும். கூப்பிடுகிறவர்கள் குறைவு என்பதால் அதற்கே ஒரு மரியாதை கிடைக்கிறது.

இதைவிடக் கஷ்டமாக இருந்தது நம் ஆட்கள்தான். தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) ஒரு பெரியவர், தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். மகன் வீட்டோடு போய்விடலாம் என்று தன் வீட்டை விற்க நினைத்தார். நான் யார் என்று சொன்னதும் முகம் மாறிவிட்டது. "தரகுன்னு வந்தவங்களாலதான் எங்கப்பா தோட்டத்தை விட்டு வெளியே வந்தாரு. நீ போம்மா" என்றார். கோபம் என்மேல் இல்லை என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் துண்டு போட்டு மறுபடி விற்றார்கள். தோட்டத் துண்டாடலில் வேலையும் போய், குடியிருந்த லயத்து வீடும் போய் நின்ற குடும்பங்கள் ஏராளம். எங்கள் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த துன் வீ.தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய், மாதம் பத்து வெள்ளி கட்டச் சொல்லித் தொழிலாளர்களைச் சேர்த்து, 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது அதனால்தான். அந்தப் பெரியவரின் அப்பாவும் பத்து வெள்ளி கட்டியவர். வீட்டுக் கதையை அவர் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தேன். அன்றைக்கு வீட்டு விலையைப் பற்றி நான் பேச்செடுக்கவில்லை.

அடுத்த முறை அவரே கூப்பிட்டார். என் ரென் அட்டையிலிருக்கும் கியூஆர் குறியை அவருடைய பேரனை விட்டே ஸ்கேன் செய்யச் சொன்னேன். வாங்குகிறவர் கொடுக்கும் மூன்று விழுக்காட்டு முன்பணம் எங்கள் நிறுவனத்தின் வாடிக்கையாளர் கணக்குக்குப் போகும், ஒப்பந்தம் கையெழுத்தாகும்போது இன்னும் ஏழு விழுக்காடு, மீதித் தொண்ணூறும் லோயர் வழியாக வரும், என் கைக்கு ஒரு காசும் வராது என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். "வித்தா வரி புடிப்பாங்களாமே?" என்றார். ஐந்து ஆண்டுக்கு மேல் வைத்திருந்த வீட்டைக் குடிமக்கள் விற்றால் 2022இலிருந்து அந்த வரி இல்லை, பாரம் மட்டும் அனுப்ப வேண்டும் என்றேன். உங்களுக்குப் பிடித்த லோயரை நீங்களே பாருங்கள் என்றும் சொன்னேன். அதைக் கேட்டபிறகுதான் உட்காரச் சொல்லிக் காப்பி கொடுத்தார்.

கோப்பிக்கடைத் தரகர்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அட்டை கிடையாது, பதிவு கிடையாது, ஆனால் ஊரில் எந்த வீடு விலைக்கு வருகிறது என்று முதலில் தெரிவது அவர்களுக்குத்தான். நான் மாட்டிய விற்பனைப் பலகை மறுநாளே காணாமல் போனது. "எங்களைக் கேக்காம இங்க போர்டு தொங்காது" என்றார்கள். பதிவில்லாமல் இந்தத் தொழில் செய்தால் மூன்று லட்சம் ரிங்கிட் வரை அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை என்று சட்டத்தில் இருக்கிறது. அதைச் சொல்லி நான் மிரட்டவில்லை, சின்ன ஊரில் நாளைக்கும் முகம் பார்க்க வேண்டும். நிறுவனத்தில் தகவல் சொல்லிவிட்டு மறுபடி பலகை மாட்டினேன். மறுபடி கழற்றினார்கள். திரும்பவும் மாட்டினேன். அவர்களுக்கு அலுத்துப்போகும்வரை மாட்டினேன்.

*

லிந்தாங் சாலைத் தம்பி எழுதுவது:

அக்கா, எனக்கு ஆளைப் பார்த்துப் பயமில்லை, போன்தான் பயம். எதிரில் எடுப்பவர் கான்டனிஸ் பேசுவாரா, மலாய் பேசுவாரா, ஆங்கிலமா என்று தெரியாது. முதல் நான்கு வரியை மூன்று மொழியிலும் எழுதிச் சுவரில் ஒட்டிவைத்தேன். கான்டனிஸ் வரிகளைப் பக்கத்துக் கடை ஆண்டி திருத்திக் கொடுத்தார். நான்கு வரி தாண்டிவிட்டால் அப்புறம் பேச்சு தானாக வந்துவிடுகிறது. திட்டிவிட்டு வைப்பவர்களும் உண்டு. அந்த எண்ணில் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்ததுக்குப் போவேன்.

*

கோல கங்சார் அக்கா எழுதுவது:

எல்லாரும் பயத்தை எப்படி ஜெயிப்பது என்று எழுதுகிறீர்கள். ஜெயிக்கக் கூடாத பயமும் ஒன்று இருக்கிறது. பெண் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்.

ஒருவர் போனில் கூப்பிட்டு, ஊருக்கு வெளியே செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய காலி பங்களா ஒன்றை உடனே பார்க்க வேண்டும், பெரிய தொகை, ரொக்கம் என்றார். சாயங்காலம் ஏழு மணிக்குத்தான் வருவாராம். பெயரைக் கேட்டால் சிரித்து மழுப்பினார். வேலைக்குச் சேர்ந்த புதிது, ஒரு வியாபாரமும் முடியவில்லை, வீட்டில் கார்க் கடன். "பயந்தா இந்த வேலையில நிக்க முடியாது" என்று காலையில்தான் மீட்டிங்கில் சொல்லியிருந்தார்கள். ஆனாலும் மனம் ஒப்பவில்லை. "பகலில்தான் காட்டுவோம், அடையாள அட்டை விவரம் முதலில் வேண்டும், என்னோடு இன்னொருவரும் வருவார்" என்று சொன்னேன். அவர் கெட்ட வார்த்தை பேசிவிட்டு வைத்தார். போன வியாபாரத்துக்காக நான் ஒரு நாளும் வருத்தப்படவில்லை.

இன்றுவரை என் வழக்கம் இதுதான்: காலி வீடு என்றால் தனியாகப் போவதில்லை. லொக்கேஷனை வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் அனுப்பிவிடுவேன். காரைத் திருப்பி, ரோட்டைப் பார்த்து நிறுத்துவேன். வாடிக்கையாளரை முன்னால் நடக்கவிட்டு நான் பின்னால் போவேன், அறைக்குள் நுழையாமல் வாசலிலேயே நின்று விளக்குவேன். பக்கத்து வீட்டு ஆண்டியிடம் "வீடு காட்ட வந்திருக்கேன்" என்று சத்தமாகவே சொல்லிவிடுவேன். இதையெல்லாம் கோழைத்தனம் என்று சொல்லும் டீம் லீடர் இருந்தால் வேறு டீம் பாருங்கள்.

*

ஈப்போ அண்ணன் எழுதுவது:

தவுக்கேயைவிட எனக்கு டத்தோ என்ற கௌரவப் பட்டம்தான் வாயடைத்தது. பெயருக்கு முன்னால் பட்டம், பெரிய கார், பக்கத்தில் எப்போதும் இரண்டு பேர். பழைய ரப்பர் நிலம் ஒன்றைத் துண்டு துண்டாக வீட்டு மனை என்று விற்க வேண்டும், நம் தமிழ்க் குடும்பங்களிடம் நீ போய்ப் பேசு, உன்னை நம்புவார்கள் என்றார். தோளில் கை போட்டுத்தான் சொன்னார். அந்தக் கை எனக்குப் பாரமாக இருந்தது.

சாரியான் எடுத்தேன். நிலத்தின் வகை விவசாயம். இன்னும் ஒரே கிராண்டு (நில உரிமைப் பத்திரம்), பிரிக்கவே இல்லை. மனை வாங்குகிறவருக்குத் தனிக் கிராண்டு வராது, மொத்த நிலத்தில் ஒரு பங்குக்குப் பெயர் சேர்ப்பார்கள், அவ்வளவுதான். இதற்கு பேங்க் வீட்டுக் கடனும் தராது. அதோடு, 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்ட நிலம் என்றால் தேசிய நிலச் சட்டம் 214ஏ பிரிவின்படி தோட்ட நில வாரியத்தின் அனுமதி இல்லாமல் கைமாற்றவோ பிரிக்கவோ முடியாது. துண்டாடலில் பட்ட அடிக்குப் பிறகு வந்த பாதுகாப்பு அது. மேலே தங்கச்சி எழுதிய பெரியவர் கதையைப் படித்தபோது இதுதான் ஞாபகம் வந்தது.

டத்தோவிடம் போய், "வகை மாற்றமும் பிரிவினையும் முடிந்து தனிக் கிராண்டு வந்தபிறகு கண்டிப்பாக விற்றுத் தருகிறேன். இப்போது முடியாது" என்றேன். குரல் நடுங்கத்தான் செய்தது. "உனக்கு இந்த ஊரில் வேலை இருக்காது" என்றார். வேலை இருக்கிறது. பேசி வைத்திருந்த குடும்பங்களிடமும் நானே போய்ச் சொன்னேன், கிராண்டு இல்லாமல் காசு கொடுக்காதீர்கள் என்று. அதில் ஒரு அம்மா, மகள் கல்யாணத்துக்குச் சேர்த்து வைத்த பணத்தை எடுத்துத் தயாராக வைத்திருந்தார்.

*

முதலில் எழுதிய சுங்கை சிப்புட் அக்கா:

அண்ணே, அந்தக் குடும்பங்களிடம் நீங்கள் போய்ச் சொன்னதற்கு நன்றி. கோல கங்சார் அக்கா, காலி வீட்டு வழக்கத்தை அப்படியே எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போடப்போகிறேன், சம்மதம்தானே?

இன்னும் இரண்டு விஷயம் யாராவது எழுதுங்கள். லோயர் அலுவலகத்தில் வாங்குகிறவர் தரப்பு ஆட்கள் எல்லாரும் ஆங்கிலத்திலேயே பேசும்போது, நம் பெரியவர்களுக்குப் புரியும்படி நடுவில் நிறுத்தி விளக்கக் கேட்பது எப்படி? எனக்கு இப்போதும் அந்த இடத்தில் தயக்கம் வருகிறது. அடுத்தது கமிஷன். நம் சொந்தக்காரர்கள் "நம்ம புள்ளதானே, விடு" என்று பாதியாகக் குறைக்கச் சொன்னால் என்ன பதில் சொல்கிறீர்கள்? லிந்தாங் தம்பி, உங்களுக்கு மாமா சித்தப்பா நிறையப் பேர் இங்கேதான், நீங்கள் முதலில் சொல்லுங்கள்.